முதுகு காட்டி நிற்பவர்

விக் கிளாப்பம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். தென்னாப்பிரிக்காவின் அன்றைய நட்டால் மாகாணத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை. முதல் உலகப் போர் வந்தபோது காலாட்படையில் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி பிடிகொடுக்காமல் புதர்க்காட்டுக்குள் இழுத்தடித்துக்கொண்டே போக, பிரிட்டிஷ் தரப்புப் படைகள் பின்னாலேயே நடந்தன. கிளாப்பம் நடந்த தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் என்பார்கள். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் செத்தவர்கள் அதிகமாக இருந்த போர் அது.

உயிரோடு ஊர் திரும்பியவர், கூட நடந்து செத்தவர்களின் நினைவாக ஓர் ஓட்டப் பந்தயம் வைக்க வேண்டும் என்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிளம்பிக் கடலோர டர்பனுக்கு வந்து சேர வேண்டும். இடையில் தொண்ணூறு கிலோமீட்டர். அந்தக் காலத்தில் பெரும்பாலும் தார் கிடையாது, மண் சாலை. வழி நெடுக மேடும் பள்ளமும். போரிலிருந்து திரும்பியவர்கள் வைத்திருந்த தோழர் கழகத்திடம் 1918-இல் அனுமதி கேட்டார். முடியாது என்றார்கள். 1919-இலும் 1920-இலும் அதே பதில். பயிற்சியில்லாதவன் செத்துப்போவான் என்பது அவர்கள் பயம். கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்திருந்தவனைப் பிடித்து வந்து பாதிக் கண்டம் நடக்கவைத்தீர்களே, பழகிய ஓட்டக்காரன் இரண்டு ஊருக்கு நடுவே ஓட மாட்டானா என்பது கிளாப்பமின் வாதம். 1921-இல் இறங்கி வந்தார்கள். செலவுக்கு ஒரு பவுண்டு கொடுத்தார்கள், அதையும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஆண்டு மே 24 அன்று 34 பேர் கிளம்பினார்கள். 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் வந்த பில் ரோவனுக்கு 8 மணி 59 நிமிடம் ஆனது. காம்ரேட்ஸ் மாரத்தான் அப்படித்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஐந்தாண்டும் கொரோனாவின்போது இரண்டாண்டும் நின்றதைத் தவிர இன்றுவரை நடக்கிறது. ஓர் ஆண்டு டர்பனை நோக்கி இறங்கு ஓட்டம், அடுத்த ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை நோக்கி ஏறு ஓட்டம் என்று பெரும்பாலும் மாறி மாறி வரும்.

ஒரு கல்லை நட்டிருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. நமக்குத் தெரிந்த வழி அதுதான். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் எல்லையில் கல் நட்டு, பெயர் பொறித்து, மயில்பீலி சூட்டி, கள் படைத்த மரபு நம்முடையது. செங்கத்தைச் சுற்றிய ஊர்களில் இன்றும் அந்தக் கற்களைப் பார்க்கலாம். சிலவற்றுக்குப் பொங்கலன்று மஞ்சள் குங்குமமும் உண்டு, யாருடைய கல் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நம்மிடம் கல் கேட்பது ஒன்றுதான்: முன்னால் வந்து கொஞ்ச நேரம் நில். கிளாப்பம் அதில் திருப்திப்படவில்லை என்று நினைக்கிறேன். செத்தவர்கள் கடைசியாக அனுபவித்தது எதுவோ, அந்தக் களைப்பை, உயிரோடிருப்பவர்கள் ஒரு நாளாவது உடம்பில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

சென்னையில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது. ஜனவரியில் மாரத்தான் ஓடுகிறவர்கள் நேப்பியர் பாலத்தருகே கூடுகிறார்கள். பக்கத்திலேயே போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரில் செத்த மதராஸ் மாகாணத்து வீரர்களுக்காக எழுப்பப்பட்டு, பின்னால் வந்த போர்களையும் சேர்த்துக்கொண்டது. நாங்கள் அதைக் கடந்து ஓடும்போது பெரும்பாலும் கையிலிருக்கும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த மதராஸ் வீரர்களில் சிலர் செத்தது கிளாப்பம் நடந்த அதே போரில். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் டாங்கா என்ற துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து கப்பல்களில் படை போனது. அதில் 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்று நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒரு பிரிவும் இருந்தது. இறங்கியது சரியான தோல்வி. சண்டை நடுவில் காட்டுத் தேனீக்கள் கலைந்து கொட்டியதால் வெள்ளைக்காரர்களின் போர் நூல்களில் அதற்குத் தேனீப் போர் என்று வேடிக்கையாக ஒரு பெயர்கூட உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் யாராவது அதை நினைத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டை என்றால் ஜெயிலும் அல்வாவும்தான் பேச்சு. அல்வா திருநெல்வேலி டவுனைச் சேர்ந்தது என்று அதற்கும் ஒரு சண்டை.

சரி, களைப்பு நினைவைத் தருமா? தராது என்பதுதான் என் அனுபவம். இதைச் சொல்லாமல் நினைவு ஓட்டங்களைப் பற்றி எழுதுவது பாசாங்கு. ஒருவரை நினைத்து ஓடுகிறேன் என்று கிளம்புகிறோம். முதல் பத்துக் கிலோமீட்டர் நினைப்போம். இருபதைத் தாண்டினால் தண்ணீர் மேசை எங்கே என்ற நினைப்பு. முப்பதுக்கு மேல் இடது கால் பெருவிரல் நகம், உப்பு, தொடை உரசல், எதிரே வரும் ஃப்ளை ஓவர். முப்பத்தைந்தில் சொந்தப் பெயரே மறந்துவிடும், செத்தவன் பெயர் எங்கே நிற்கும்? தொண்ணூறு கிலோமீட்டரில் கேட்கவே வேண்டாம். இறங்கு ஓட்டத்தில் ஃபீல்ட்ஸ் ஹில் என்ற சரிவில் தொடைத் தசை பிய்ந்துபோய்ப் படி இறங்குகிறவர்கள்போல் பக்கவாட்டில் திரும்பி இறங்குவார்கள். அவர்கள் யாரும் 1917-இன் மலேரியாவை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் நினைப்பது யார்? பந்தயம்தான். ஓடுகிறவன் தன்னால் முடியாத அந்த வேலையைப் பாதையிடமும் விதிகளிடமும் ஒப்படைத்துவிடுகிறான். காம்ரேட்ஸின் வழக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும்.

விடியுமுன் இருட்டில் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். தேசிய கீதம் முடிகிறது. பிறகு ‘ஷோஷோலோசா’, சுரங்க வேலைக்கு ரயிலில் போன கூலித் தொழிலாளர்களின் பாட்டு. அதன் பிறகு ஒரு சேவல் கூவுகிறது. நிஜச் சேவல் இல்லை. 1948-இல் மேக்ஸ் டிரிம்பார்ன் என்ற ஓட்டக்காரர், கிளம்பும் முன் படபடப்பைத் தாங்க முடியாமல் வாயருகே கையைக் குவித்துச் சேவல் மாதிரி கூவினார். கூட்டம் சிரித்தது. அடுத்த ஆண்டும் கேட்டார்கள். கூவிக் கூவி அது வழக்கமாகி, பின்னால் ஒலிநாடாவில் பதிவு செய்துவைத்தார்கள். டிரிம்பார்ன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. ஒவ்வோர் ஆண்டும் துப்பாக்கி வெடிக்குமுன் ஒலிபெருக்கியில் அவர் கூவுகிறார். வரிசையில் நிற்பவர்களில் அவர் யாரென்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தெரியாவிட்டாலும் குறையில்லை. அடி வயிற்றைக் கலக்கும் அந்த நேரத்துப் பயத்தை அவர் ஒருவர் கூவியது எல்லோருக்கும் போதும்.

பாதி வழியில் டிரம்மண்ட் என்ற இடத்துக்குப் பக்கத்தில், சாலையோரச் சரிவில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு குடைவு. ஆர்தரின் இருக்கை என்று பெயர். 1922-இலிருந்து ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் அங்கே உட்கார்ந்து இளைப்பாறுவாராம். கடந்து போகிறவர்கள் தொப்பியைத் தூக்கி, காலை வணக்கம் ஆர்தர் என்று சொல்லி ஒரு பூவை வைத்துவிட்டுப் போனால் மிச்சப் பாதி நன்றாக ஓடும் என்று நம்பிக்கை. மேலே சொன்ன நடுகல்லுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. சாலையோரம் பிடுங்கிய காட்டுப்பூவும் புல்லும் அந்தக் குடைவில் குவிந்துவிடுகின்றன.

நியூட்டன் ஏன் ஓட ஆரம்பித்தார் என்பது தெரிந்தால் அந்தப் பூக்கள் இன்னும் விநோதமாகத் தெரியும். அவர் ஒரு வெள்ளை விவசாயி. அவர் நிலமிருந்த பகுதியைக் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கென்று அரசு ஒதுக்கியது. தனக்கு நியாயமான இழப்பீடு கிடைக்கவில்லை என்று அவருக்குக் கோபம். பெயர் வாங்கினால் தன் வழக்கை நாடு கேட்கும் என்று கணக்குப் போட்டு, நாற்பதைத் தொடும் வயதில் ஓட ஆரம்பித்தார். வழக்கு என்னவோ ஜெயிக்கவில்லை. கால் ஜெயித்தது. கறுப்பர் குடியேற்றத்துக்கு எதிரான ஒரு மனத்தாங்கலில் தொடங்கிய அந்தக் கால்களுக்கு இன்று பூ வைத்துப் போகிறவர்களில் பலர் கறுப்பினத்தவர்கள். இதை மன்னிப்பு என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். மீதி நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு யார் உதவினாலும் சரி என்ற நிலையில் வைக்கப்படும் பூ அது.

தோழர்கள் என்ற பெயரில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதை இங்கே பேசியாக வேண்டும். கிளாப்பம் நடந்த போரில் பீரங்கியும் அரிசியும் மருந்தும் தலைச்சுமையாகத்தான் போயின. பிரிட்டிஷ் தரப்புக்குச் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். செத்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி வரும் என்கிறது மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லறையில்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. இதற்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல்தான் மன்னிப்புக் கேட்டது. செத்த தோழர்களுக்காகத் தொடங்கிய பந்தயமும் முதல் ஐம்பது ஆண்டுகள் அதே கணக்கைத்தான் வைத்திருந்தது. வெள்ளைக்கார ஆண்கள் மட்டும் ஓடலாம். 1860-இலேயே மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கிக் கரும்புத் தோட்டங்களில் நட்டாலைக் கட்டியெழுப்பிய நம்மவர்களின் பிள்ளைகள் டர்பனில் சாலையோரம் நின்று பார்க்கலாம். பந்தயம் புறப்படும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ரயில் நிலையத்தில்தான் 1893-இல் காந்தியைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த ஊருக்கு யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்பதில் நல்ல பழக்கம் உண்டு.

ஆனாலும் ஓடியிருக்கிறார்கள். 1923-இல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் விண்ணப்பித்தார், மறுத்தார்கள், ஓடிவிட்டார். 11 மணி 35 நிமிடம். பதக்கம் தர முடியாது என்றதும் கூட ஓடியவர்களும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் காசு போட்டு வெள்ளித் தேநீர்ச் செட் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். 1935-இல் ராபர்ட் எம்ட்சாலி என்ற கறுப்பினத்தவர் அனுமதியில்லாமல் ஓடி 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். முடிவுப் பட்டியலில் அவர் இல்லை. 1975-இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1981-இல், வெள்ளையர் குடியரசின் இருபதாம் ஆண்டு விழாவோடு பந்தயத்தைச் சேர்த்துக் கொண்டாடினார்கள். எதிர்ப்புக் காட்டக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓடிய புரூஸ் ஃபோர்டைஸ் அன்று முதலில் வந்தார். வழியில் தக்காளி எறிந்தார்கள். 2019-இல் ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையே முடிப்பவர்களுக்கு ராபர்ட் எம்ட்சாலி பதக்கம் என்று புதிதாக ஒன்று அறிவித்தார்கள். அவர் ஓடிய நேரம் அதற்குள் விழுகிறது. அதே ஆண்டு, ஏழரை மணி நேரத்துக்குள் வரும் பெண்களுக்கு இசவெல் ரோச்-கெல்லி பெயரில் ஒன்று. 1980, 81 இரண்டு ஆண்டும் வென்று, 1984-இல் அயர்லாந்தில் சைக்கிள் விபத்தில் போன இருபத்து நான்கு வயதுப் பெண் அவர். பில் ரோவனின் 8:59-கூட இன்று ஒரு பதக்கத்தின் எல்லைக்கோடு. ஒன்பது மணிக்குள் வந்தால் அவர் பெயர் கழுத்தில் தொங்கும். இந்தப் பந்தயத்தில் செத்தவர்கள் ஒரு நேரமாக மாறி, ஓடுகிறவர்கள் எட்டிப் பிடிக்க வேண்டிய தூரத்தில் நிற்கிறார்கள். எனக்கு இது சிலையைவிட உயர்வாகத் தோன்றுகிறது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. ஃபில் மாஸ்டர்டன்-ஸ்மித் 1931-இல் பத்தொன்பது வயதில் இரண்டே விநாடி வித்தியாசத்தில் வென்றவர். 1933-இல் ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லை. கேப் டவுனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து, ஓடி, பத்தாவதாக வந்தார். 1942-இல் டோப்ருக்கில் செத்தார். ஒரு போரில் செத்தவர்களை நினைக்கத் தொடங்கிய பந்தயம் தன் ஆளையே அடுத்த போருக்குக் கொடுத்தது. முயலுக்கான ஜூலு சொல்லான ‘உனோக்வாஜா’ அவருடைய பட்டப்பெயர். 2011 முதல் ஒரு சிறு குழு அதே பெயரில், அதே சாலையில் பத்து நாள் சைக்கிள் மிதித்துவிட்டுப் பதினோராம் நாள் காம்ரேட்ஸ் ஓடுகிறது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் டிக்கெட்டுக்குக் காசில்லாத ஒருவனின் தொடை வலியை இதைவிடத் துல்லியமாக நினைவுகூர வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் இறந்துபோனார். ஞாயிறு அதிகாலை ஈ.சி.ஆரில் எங்களோடு ஓடுகிறவர், வங்கி வேலை, ஐம்பதைத் தொட்ட வயது. மாரடைப்பு வந்தது ஓடும்போது இல்லை. அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. உடலை எடுத்த வீட்டு வாசலில் உறவுக்காரர் ஒருவர் எங்கள் ஷூக்களைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு ஓடி என்ன கண்டான்?” என்றார். கேள்வியில் கோபமில்லை, நிஜமான சந்தேகம் இருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

ஜனவரி ஃபுல் மாரத்தானுக்கு அவர் பணம் கட்டியிருந்தார். எண் அச்சிட்ட அவருடைய பிப், டைமிங் சிப்போடு, குழுவில் இளையவன் ஒருவனிடம் வந்து சேர்ந்தது. இரண்டு தெருத் தள்ளி வீடு, வழக்கமாக அவர் ஸ்கூட்டரில்தான் வருவான்.

“அண்ணே, அவர் சிப்பைக் கட்டிக்கிட்டு நான் ஓடுறேன். ரிசல்ட்ல அவர் பேர் வரட்டும்” என்றான்.

பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை, சொல்லவும் செய்தேன். பிப்பைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கம் ரத்த வகையும் அவசரத்துக்குக் கூப்பிட ஓர் எண்ணும் எழுதும் கட்டங்கள் இருக்கும். முந்தைய பந்தயங்களில் அவர் அதில் தன் மனைவியின் எண்ணைத்தான் எழுதுவார். இவன் முப்பதாவது கிலோமீட்டரில் சுருண்டு விழுந்தால் அந்த எண்ணுக்குத்தான் போன் போகும். உங்கள் வீட்டுக்காரர் மயங்கி விழுந்துவிட்டார் என்று யாரோ ஒரு வாலண்டியர் அவரிடம் சொல்வான். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

இந்தக் காரணம் இல்லாவிட்டாலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். காம்ரேட்ஸைப் பத்து முறை முடித்தவருக்கு அவருடைய எண்ணை நிரந்தரமாக எழுதிக்கொடுத்துவிடுவார்கள். பச்சை எண் என்று பெயர். அதன் பிறகு அந்த எண்ணை வேறு யாருக்கும் தர மாட்டார்கள். அவர் ஓடுவதை நிறுத்தினாலும், செத்தாலும் அப்படியே. எண்கள் வரிசையில் அங்கங்கே யாரும் அணியாத எண்கள் கிடக்கின்றன. இரங்கல் கூட்டமெல்லாம் வைக்காமல் ஒரு பந்தய அலுவலகம் செய்யக்கூடிய மரியாதை அது. எங்கள் பையனின் யோசனை அதற்கு நேர் மாறு: காலி எண்ணை நிரப்பி, ஓடாதவரை ஓடியதாகக் காட்டுவது. அவர் ஓடவில்லை. ரிசல்ட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் உண்மை.

அவன் தன் பிப்பிலேயே ஓடினான். மாலையில் அவருடைய பிப்பை வீட்டில் கொடுக்கப் போனோம். அந்த அம்மா அதை வாங்கி, பின்னூசி குத்த இருக்கும் ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே, “ஓடியிருந்தா எத்தனை மணிக்கு முடிச்சிருப்பார் தம்பி?” என்று கேட்டார். “நாலரைக்குள்ள வந்திருப்பாரு ஆன்ட்டி” என்றான் அவன், யோசிக்காமல். அவர் ஒருநாளும் ஐந்து மணிக்குக் கீழே ஓடியதில்லை. கீழே இறங்கியதும் வண்டியைக் கிளப்பாமல் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டோம். நாலரையா, மனசாட்சி வேண்டாமா என்று ஆரம்பித்து, அவருடைய மெதுவோட்டம், தண்ணீர் மேசையில் நின்று வாழைப்பழத்தை உரித்து நிதானமாகத் தின்றது, கடைசிக் கிலோமீட்டரில் மட்டும் வாக்கிங் போகிறவர்களை முந்துவதற்காகத் திடீரென்று பாய்வது எல்லாம் வெளியே வந்தன. வீட்டுக் கூடத்தில் சொல்லும் அந்தப் பொய்யை நான் குறை சொல்ல மாட்டேன். அதை ரிசல்ட் பலகையில் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

இறந்தவருக்கு ஒரு வெற்றியைக் காணிக்கை ஆக்கும் வழக்கத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35 ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்த பிப்ரவரியில் கென்யாவில் கார் விபத்தில் பயிற்சியாளரோடு இறந்துபோனார், வயது 24. அந்த ஆண்டு சிகாகோவில் ரூத் செப்ன்கெட்டிச் 2:09:56 ஓடிப் பெண்களின் உலக சாதனையை முறியடித்து, அதைக் கிப்டமுக்குக் காணிக்கையாக்கினார். கேட்டபோது எனக்கும் சிலிர்த்தது. 2025-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் அவருக்கு மூன்றாண்டுத் தடை வந்தது. அந்தப் பரிசோதனை சிகாகோவுக்குப் பிந்தியது. சாதனை பட்டியலில் நிற்கிறது. ஆனாலும் கிப்டம் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இனி இந்தப் பேச்சும் பின்னாலேயே வரும். காணிக்கையை வேண்டாம் என்று சொல்லச் செத்தவருக்கு வழியில்லை.

காம்ரேட்ஸில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது இறுதிக்கோட்டில் நடப்பது. நான் அங்கே போனதில்லை, ஒளிபரப்பில் பார்ப்பதுதான். வெல்கிறவர்கள் வந்து பல மணி நேரம் கழித்து, வெயில் சாய்ந்து, அரங்கம் நிரம்புவதே இதைப் பார்க்கத்தான். காலக்கெடு நீண்ட காலம் பதினோரு மணி நேரமாக இருந்தது, 2003-இலிருந்து பன்னிரண்டு. கடைசி நிமிடத்தில் பந்தய அதிகாரி ஒருவர் துப்பாக்கியோடு இறுதிக்கோட்டில் வந்து நிற்பார். ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் பார்ப்பது கடிகாரத்தை மட்டும். பின்னால் ஒருவர் முழங்காலில் தவழ்கிறாரா, இரண்டு பேர் தோள் கொடுத்து மூன்றாமவரை இழுத்து வருகிறார்களா, கூட்டம் யாருக்காகக் கத்துகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நேரம் வந்ததும் சுடுவார். கோட்டுக்கு இரண்டடி இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பதக்கம் இல்லை, முடித்தவர்கள் பட்டியலில் பெயரும் இல்லை.

1989-இல் வாலி ஹேவர்ட் எண்பது வயதில் ஓடினார். 1930-இல் முதல் தடவை வென்று, நாற்பதைத் தாண்டிய பிறகும் நான்கு முறை வென்றவர். அந்த நாட்டில் அவருக்குச் சமமாகச் சொல்ல ஓட்டக்காரர்கள் சிலர்தான். தள்ளாடி வந்தார். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. கெடுவுக்கு 1 நிமிடம் 57 விநாடி மிச்சம் இருந்தபோது கோட்டைக் கடந்தார். இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் அவருக்கும் அதே முதுகுதான்.

பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே வருகிறவர்களுக்கு ஒரு செப்புப் பதக்கம் உண்டு. அதற்குத்தான் விக் கிளாப்பம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொடங்கியவர் பெயரைத் தங்கத்துக்கு வைத்திருக்கலாம், அப்படித்தான் எந்த ஊரிலும் செய்வார்கள். வரிசையின் வாலில், கால் இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அவர் பெயர் போனது சரியான இடம் என்றே நினைக்கிறேன். 2,700 கிலோமீட்டர் நடந்த படையில் அந்த நிலையில் இருந்தவர்கள்தான் அதிகம்.

எங்கள் பையனுக்கு இப்போது காம்ரேட்ஸ் கிறுக்குப் பிடித்திருக்கிறது. இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் போகிறார்கள், பணம் சேர்த்துவிடலாம் என்கிறான். பதிவு செய்ய முதலில் ஒரு ஃபுல் மாரத்தானை நாலு மணி ஐம்பது நிமிடத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். போன ஞாயிறு ஓடி முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய சிறந்த நேரம் நாலு ஐம்பத்தேழு. கிலோமீட்டருக்குப் பத்து விநாடி குறைக்க வேண்டும்.